இரவல் தொண்டை

நடிகர் குலசேகருக்கு முப்பத்தெட்டுப் படங்களில் குரல் கொடுத்தவர் தேவசகாயம். குலசேகரின் சொந்தக் குரல் கீச்சென்று இருக்கும். அது வெளியே தெரியக்கூடாது என்றே அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை. விருது வாங்கிய அன்றும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். தேவசகாயத்தின் பெயரை யாரிடமும் சொன்னதுமில்லை.

தேவசகாயம் இறந்த பத்தாம் நாள் குலசேகர் துக்கம் கேட்கப் போனார். வாசலுக்கே அந்தப் பிரபலமான நீதிமன்ற வசனம் கேட்டது. நம் படம்தான் ஓடுகிறது என்று அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. உள்ளே, தொலைக்காட்சியின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. எதிரே தேவசகாயத்தின் மனைவி ஸ்டெல்லா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு விழித்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க சார். அவர் பேசுறதக் கேக்கத்தான் போடுறேன். உங்க மொகத்தப் பாத்தா அவர் மொகம் மறந்துபோவுது.”

குலசேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“கொஞ்சம் இருங்க சார். அவர் பேசி முடிச்சிடட்டும்.”

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். துண்டுக்குப் பின்னாலிருந்து தேவசகாயம் பேசிக்கொண்டே இருந்தார். குலசேகரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.