முன்னே பின்னே தெரியாத இன்ஜின்

"இந்த இன்ஜினுக்கு முன்னே பின்னே தெரியாது மச்சான்."

மாப்பிள்ளை ஸ்பேனரைப் பனியனில் துடைத்தபடி சொன்னார். "டூ ஸ்ட்ரோக்கு. ரிவர்ஸ் கியர்னு தனியா ஒண்ணு கிடையாது. சுவிட்சை இந்தப் பக்கம் தட்டினா வண்டி முன்னாடி போகும். அந்தப் பக்கம் தட்டினா இன்ஜினே தலைகீழாச் சுத்தும், வண்டி பின்னாடி வரும். அவ்வளவுதான் சூட்சுமம்."

அண்ணனுக்கு அது தெரியும். போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதையேதான் மாப்பிள்ளை அழுதுகொண்டே சொன்னார். சுவிட்ச் கோளாறு. முன்னால் போகத்தான் தட்டினேன், வண்டி பின்னால் பாய்ந்துவிட்டது.

பின்னால் சுவர். நடுவில் தங்கை நின்றிருந்தாள்.

இப்போது அவள் ஷெட் வாசலில், சக்கர நாற்காலியில் இருந்தாள்.

போனில் அவள் கேட்டது ஒன்றுதான். "என்னை உன்கூடக் கூட்டிட்டுப் போயிடுண்ணா. காரணம் கேக்காத. வந்து பாரு."

கூட்டிக்கொண்டு போனால் தூக்குவது, கழுவுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் யார் என்று வீட்டில் அவன் மனைவி கேட்கவில்லை. கேட்காமலே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் வந்து பார்த்தான். பார்த்தவரைக்கும் ஒரு காரணமும் தெரியவில்லை.

மாப்பிள்ளை கோல்ஃப் மைதானத்தில் மேற்பார்வையாளர். அங்கே ஆட வருகிறவர்களை ஏற்றிச் சுற்றி, கழித்துப் போட்ட சின்ன வண்டி இது; அன்றைக்குப் பின்னால் பாய்ந்ததும் இதேதான். புகை கக்கிக்கொண்டு, மேடு ஏற முடியாமல் கிடந்த இன்ஜினை மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்தே பிரித்துச் சேர்த்திருந்தார். டீ டம்ளரில் மண்ணெண்ணெய், அதில் ரிங்குகள். சமையல் அடுப்பில் சூடேறும் கிராங்க் கேஸ். சாப்பாட்டு மேஜையில் சிலிண்டர். தங்கை வேளாவேளைக்கு அதன் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறாள்.

"பிஸ்டனை உள்ள இறக்கும்போது ரிங்கை அமுக்கிப் பிடிச்சது யாருங்கறீங்க? இவதான்," என்றார் மாப்பிள்ளை. "காலுதான போச்சு. கை கெட்டி."

அண்ணன் சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை.

எல்லாம் அவளுக்காகத்தான். தெருமுனைவரை காற்றாடக் கூட்டிப்போய் வர. பெண்டாட்டிக்காக இந்தக் காலத்தில் யார் இப்படி மெனக்கெடுகிறார்கள் என்று தெருவே பேசிக்கொண்டது. அண்ணனுக்கு நெஞ்சு லேசாயிற்று.

"ஏறி ஓட்டிப் பாருங்க மச்சான்."

பெடலை மிதித்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆயில் கலந்த பெட்ரோல் வாடையோடு மெல்லிய நீலப் புகை. வண்டி முன்னால் போனது. நிறுத்தி, சுவிட்சைத் தட்டினான். பின்னால் வந்தது. மறுபடி முன்னால். மறுபடி பின்னால். மெதுவாகத் தட்டிப் பார்த்தான், வெடுக்கென்று தட்டிப் பார்த்தான். எப்படித் தட்டினாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

பெடலிலிருந்து காலை எடுத்தான். இன்ஜின் நின்றது.

"பிரமாதம் மாப்ள. புது சுவிட்ச் எங்க புடிச்சீங்க?"

"புதுசா? அது வண்டியோட பொறந்தது மச்சான். ஒரு ஸ்குருகூடக் கழட்டல. மத்ததெல்லாம் ஓட்டை உடைசல், அது மட்டும் கல்லு. இன்னைய தேதி வரைக்கும் ஒரு தடவை மக்கர் பண்ணதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார்.



"அன்னைக்கு மட்டும்தான்," என்றார் கொஞ்சம் கழித்து. ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் திரும்பவும் துடைத்தார்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

அவள் சுவிட்சையோ புருஷனையோ பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது மாறுகிறதா என்று. மாறியதும், இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததுபோல ஒரு மூச்சை விட்டாள்.

அப்போதுதான் கவனித்தான். தலைவாரியிருந்தாள். மடியில் கைப்பை. நடக்காத கால்களில் செருப்பு.

அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி அவளிடம் போனான். அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள். வாரி எடுத்தான். கனமே இல்லை.

"போலாம்ணா," என்றாள் அவன் காதுக்குள்.

கொண்டுபோய், அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தான்.

சட்டைக் காலரைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்து, கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தான்.

"பாத்து ஓட்டுங்க மாப்ள."

"எனக்குச் சொல்லணுமா மச்சான்?" என்று மாப்பிள்ளை பெடலை மிதித்தார்.

வண்டி கேட்டைத் தாண்டியது. அவள் தெருவின் இரண்டு பக்கமும் அண்ணனுடைய காரைத் தேடினாள். பைக்தான் நின்றது.

கார் அண்ணன் வீட்டு வாசலில் இருந்தது. போகவும் ஒரு ஆள், வரவும் ஒரு ஆள், பைக் போதும் என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தான்.