நர்ஸைக் கூப்பிட வேண்டாம்

"'அவுட் ஆஃப் த வுட்ஸ்'. அப்படின்னா என்ன? சொல்லுங்க பார்க்கலாம்."

பெயிண்டர் விரலில் காய்ந்திருந்த நீலச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டே யோசித்தார். "காட்டை விட்டு வெளியே வந்தாச்சு."

"ஆஸ்பத்திரியில ஏது அண்ணே காடு? கண்டத்தைத் தாண்டியாச்சு, இனிமே பயமில்லைன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி டாக்டர் ஒரு 'நாட்' போட்டார்னா, இன்னும் தாண்டலை."

"போடாம இருந்தாத் தேவலை" என்றார் பெயிண்டர்.

மாடி வீட்டு டீச்சர் புத்தகத்தைப் பார்த்தாள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இந்தப் பாடம் வந்தாலே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கீழ் வீட்டிலிருந்து வரும் இந்த மனிதரிடம் சிரிக்க ஒன்றுமில்லை.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் அவர். ஆளுயர இங்கிலீஷ் எழுத்தை அளவுகோல் இல்லாமல் எழுதுவார். படித்தால் புரியும், நிதானமாகப் பேசினாலும் புரியும். ஆனால் அவர் மனைவிக்கு வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டர் நிதானமாகப் பேசுகிற ரகம் இல்லை. வெளியூர்க்காரர், தமிழ் சுட்டுப்போட்டாலும் வராது. நேராகச் சொல்ல வேண்டியதையெல்லாம் காடு, படகு, மழை என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

"போன தடவை ரெண்டே வார்த்தையில திணறிட்டேன், டீச்சர். உடனே மணி அடிச்சு நர்ஸைக் கூப்பிட்டுட்டார். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அவர் சொன்னதை அப்படியே இவ மூஞ்சிக்கு நேரா போட்டு உடைச்சிடுச்சு. 'உங்க நுரையீரல்ல கட்டி இருக்கும்மா'ன்னு. அன்னிக்கு முழுக்க இவ ஒரு வாய் சாப்பிடலை. சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா."

"இப்பதான் ஆபரேஷன் முடிஞ்சிடுச்சே."

"வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வருது. அன்னிக்கு நர்ஸ் உள்ளே வரக்கூடாது. இந்த ஆளுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடுன்னு டாக்டர் நினைக்கணும். நல்லதோ கெட்டதோ, என்கிட்ட வந்து, நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியணும்."

"அக்காகிட்ட சொல்லிட்டே கத்துக்கலாமே அண்ணே?"

"ஐயோ, மூச்சு விட்டுடாதீங்க! நான் சீட்டாடப் போறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நல்லா வாங்கிக் கட்டிக்கிறேன். பரவாயில்லை, திட்டுறதுக்காவது தெம்பு இருக்கே."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தைப் புரட்டி அடுத்த தொடரைப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ஹவ் இஸ் ஷி?" என்றார்.

"எ பிட் அண்டர் த வெதர், டாக்டர். பட் ஷி இஸ் எ ஃபைட்டர்."

கொஞ்சம் சுகமில்லை, ஆனாலும் அசர மாட்டாள் என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் நின்று தேய்த்துத் தேய்த்துப் பழகியது. டாக்டரின் புருவம் உயர்ந்தது. மணியை நோக்கிப் போன கை திரும்பி வந்தது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார், சரளமாக, தன் சொந்த ஊர் நண்பரிடம் பேசுவதுபோல. பெயிண்டர் தலையாட்டினார். நடுநடுவே "ஐ ஸீ" என்றார். ஒரு இடத்தில் மட்டும் தலையாட்ட மறந்தார்.

மடியில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்த மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். "என்னங்க சொல்றார்?"

"கண்டத்தைத் தாண்டியாச்சாம். உடம்பு தேறணும், நல்லா சாப்பிடச் சொல்லுங்கன்னார்."

"இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

"பெரிய டாக்டர்னா அப்படித்தான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் பாட்டுக்கு என்னமோ ஏதோன்னு பயந்து செத்தேன்!"

அன்று சாயங்காலம் பெயிண்டர் மாடியேறி வந்து, உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"'நாட்' போட்டுட்டார், டீச்சர். அந்தப் பக்கமும் பரவிடுச்சாம். இனிமே வைத்தியம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை, இருக்கிற நாளைச் சந்தோஷமா வெச்சுக்கோங்கன்னார்." அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது. நீங்க இவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்க வேண்டாம்."

"அக்கா?"

"நம்பிட்டா. வர்ற வழியில தர்பூசணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. எத்தனை நாள் ஆச்சு அவ எதையாவது கேட்டு! எனக்கு அது போதும், டீச்சர்."

மறுநாள் காலை அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனதும், அவருடைய மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்து, தினமும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்ககிட்டப் பாடத்துக்குச் சேர்ந்தவளாச்சே, டாக்டர் சொன்னது அத்தனையும் எனக்கும் புரிஞ்சுது, டீச்சர்" என்றாள். மூச்சு வாங்கியது. "அதை விடுங்க. நான் சிரிச்சேனே, அதை அவர் நம்பிட்டாரா?"