எழுதின ஆள் வரணும்

“எழுதின ஆள் நேர்ல வரணும். அது வரைக்கும் நான் விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் ரோகினி.

லுக்குட் முச்சந்தியில் அந்த விளம்பரப் பலகை ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. துணி துவைக்கிற சவர்க்காரத்தூள் விளம்பரம். சேறு அப்பின சட்டையோடு ஒரு தோட்டத்து ஆள். பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டவுன் பெண். மேலே கொட்டை எழுத்தில்:

‘தோட்டத்து அழுக்கே போயிடும், உங்க அழுக்கு எம்மாத்திரம்!’

கிளினிக் வேலைக்கு மோட்டாரில் போய்க்கொண்டிருந்த ரோகினி அதைப் பார்த்தாள். பலகைக்குக் கீழேயே வண்டியை நிறுத்தினாள். போனைத் தூக்கிப் பிடித்து, வீடியோவில் வயிறெரியப் பேசினாள்.

“நான் கோலா சாவா பக்கம் தோட்டத்துல பிறந்தவ. எங்கம்மா இன்னிக்கும் செம்பனைக் காட்டுல உதிரிப் பழம் பொறுக்குறாங்க. உங்க கண்ணுக்கு நாங்கதான் அழுக்கா?”

இரண்டே நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். சிரம்பானில் இருந்த கம்பெனி அவசர அவசரமாகப் பலகையை இறக்கியது. ஒரு கடிதமும் விட்டது. ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்.’

“அது என்னா ‘இருந்தால்’? புண்பட்டாச்சுலா!” என்று அதற்கும் ஒரு வீடியோ போட்டாள் ரோகினி.

கம்பெனி போன் பண்ணிச் சமாதானம் பேசியபோதும் ‘எழுதின ஆள் வரணும்’ என்பதிலேயே நின்றாள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்து மண்டபம் நிறைந்துவிட்டது. வந்த காரிலிருந்து ஒரே ஒருவர்தான் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“என் பேரு தேவதாஸ். கம்பெனியில விளம்பர மேனேஜர்.”

ரோகினி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அந்த வரியை எழுதினது யாரு சார்?”

அவர் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

“நான்தாம்மா.”

“ஒரு நாளாவது வேலைக்காட்டுல கால் வச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“சேத்துத் துணி துவைச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“அப்புறம் எந்தத் தைரியத்துல எழுதினீங்க?”

அவர் கை கூப்பினார். “‘இருந்தால்’ எல்லாம் இல்லம்மா. உங்க மனசு புண்பட்டுச்சு. தப்பு எங்களுது. மன்னிச்சுக்குங்க.”

“இந்த வயசுலயும் புத்தி வரலையா?” என்று, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் கணேசமூர்த்தி எழுந்து கத்தினார். பின்னாலிருந்து இன்னும் மோசமாகவும் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, கூப்பின கையை இறக்காமலே நின்றார் தேவதாஸ்.

கார் கிளம்பியதும் எல்லோரும் ரோகினியைச் சூழ்ந்துகொண்டார்கள். “பொண்ணுன்னா இப்படி இருக்கணும்!” என்று அவள் அம்மா செல்லம்மாவின் முதுகில் தட்டினார்கள். செல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் ரோகினி சாப்பிடக்கூட உட்காரவில்லை. எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டி, கீழே எழுதியும் முடித்தாள்.

“அம்மா, படிக்கிறேன், கேளுங்க. ‘நம்மளை அழுக்குன்னு எழுதின ஆள் இவர்தான். பெயர் தேவதாஸ். இவரை வேலையை விட்டுத் தூக்குற வரைக்கும் யாரும் அந்தச் சவர்க்காரத்தை வாங்காதீங்க.’ சரியா இருக்கா?”

“அவரு வேலை போயிடுமா?”

“போகட்டும்லா. மூணு லட்சம் பேர் கேட்டா கம்பெனி தூக்கித்தான் ஆகணும்.”

செல்லம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனின் மேல் கையை வைத்து மூடினாள்.

“போடாதம்மா. அதை அவரு எழுதலை.”

“என்னம்மா சொல்றீங்க? அவரே வாயால ஒத்துக்கிட்டாரே!”

“அந்தக் கம்பெனி ஒரு போட்டி வச்சது. பாக்கெட் அட்டையை வெட்டி, பின்னால ஒரு வரி எழுதி அனுப்பணும். அப்படி வந்த வரிதான் அது. அனுப்பினவ உன் வீடியோவைப் பார்த்துட்டு, சோறு தண்ணி இறங்காம, அவருக்குப் போன் பண்ணி அழுதா. ‘மூக்கைப் பிடிக்கிற படத்தை நான் போடச் சொல்லலையே சார்! எப்பேர்ப்பட்ட கறையா இருந்தாலும் நாங்க எடுத்துடுவோம்னு பெருமையாத்தானே எழுதினேன். நானே வந்து எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்’னா.”

“அதுக்கு அவரு?”

“‘நீங்க எழுதினப்ப அது பெருமைதான். நாங்க பலகையில ஏத்தினப்பதான் அசிங்கமாச்சு. மன்னிப்பு நாங்கதான் கேக்கணும். உங்க பேரு என் வாயிலேர்ந்து வராது’ன்னாரு.”

ரோகினிக்கு மண்டபத்தில் என்னென்ன கேள்வி கேட்டோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அத்தனைக்கும் அந்த மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், ஒன்றே ஒன்றைத் தவிர.

எழுதி வைத்ததை மொத்தமாக அழித்தாள். வீடியோவையும் அழித்தாள்.

“எழுதினது யாரும்மா? நம்ம தோட்டத்து ஆளா? அவங்களை நான் பார்க்கணும். நான் பேசின பேச்சுல அவங்க எவ்ளோ நொந்து போயிருப்பாங்க!”

செல்லம்மா மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“உன் ஸ்கூல் சட்டையைப் பதினோரு வருஷம் துவைச்சவதாம்மா.”