கோஜோவின் அணியில் ஓர் இடம்

“என்னைக் கூப்பிட்டதில அர்த்தம் இருக்கு, நான் காலேஜ் சென்டர் பார்வர்ட். உன்னை எதுக்குடா கூப்பிட்டான்?” என்று விடுதித் தோழன் அசோகன் சிரித்தான்.

சேஷாத்ரிக்கும் அதுதான் புரியவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகர மாணவர் விடுதியில் அவனை யாரும் எந்த ஆட்டத்துக்கும் சேர்த்துக்கொண்டதில்லை. ஒருமுறையாவது சேர்க்க மாட்டார்களா என்று ஏங்கியவன் அவன். கானா நாட்டு கோஜோ அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஊரில் எங்கள் தெருக் கால்பந்து கிளப்பின் ஆண்டு விழா. இங்கே நாம் ஆடுகிறோம், நீ கட்டாயம் வேண்டும்” என்று சொல்லியிருந்தான்.

“நான் என்ன செய்யணும்?”

“பந்து வந்தால் பயந்து ஓடக் கூடாது” என்றான் கோஜோ.

அப்படியானால் கோல்கீப்பர்! ஒரு வாரம் சேஷாத்ரி கட்டிலின் மேல் பாய்ந்து பழகினான்.

ஞாயிறன்று மைதானத்தில் கோஜோ அவனை ஓர் ஓரமாக நிறுத்தினான். நடுவில் வேறொருவன் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

“அப்ப நான் யாரு?”

“கோல் கம்பம். கிளப் தொடங்கியபோது கம்பம் நட எங்களிடம் மரமில்லை. தொடங்கிய இரண்டு பேரே கம்பமாக நின்றார்கள். ஆண்டு விழாவில் இன்றும் அப்படித்தான். நீ நிற்பது என் அப்பாவின் இடம். அவரும் உன்னைப் போலவே நெட்டை. வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.”

சேஷாத்ரியின் முதுகு தானாக நிமிர்ந்தது. எதிர்க் கம்பம் யாரென்று அப்போதுதான் பார்த்தான். புது பூட்ஸ் பளபளக்க, அசோகன் விறைத்து நின்றான்.

“சிரிக்காதடா” என்றான் அசோகன், உதடு அசையாமல். “கம்பம் ஆடுது.”