துடி தெரிந்த இரண்டு பேர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சூசைக்கு ஐம்பத்திரண்டு வயதில் இது ஒன்பதாவது பரீட்சை. அவன் மனைவி லிடியாவின் நெஞ்சுக்குள் இருக்கும் கருவி ‘துடி’ என்ற கணினி மொழியில் ஓடுகிறது. வருஷாவருஷம் இரண்டு பேராவது துடியில் தேறினால்தான் அதில் ஓடும் கருவிகளை அரசாங்கம் விட்டுவைக்கும்; இல்லையென்றால் நிறுத்திவிடும். படித்தால் வேலை கிடைக்காத மொழியை எவன் படிப்பான்? வேறு கருவி மாற்ற லிடியாவின் உடம்பு தாங்காது என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

இத்தனை வருஷமும் தேறியது சூசையும், வேறு ஊரில் பரீட்சை எழுதும், அவன் பார்த்தேயிராத ஒரு பெரியவரும்தான். போன மாதம் அந்தப் பெரியவர் இறந்துபோனார். சூசை அதை லிடியாவிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தான் மட்டும் தேறி என்ன பிரயோஜனம்? ஆனாலும் போனான். பரீட்சைக் கூடத்தில் ஒரே நாற்காலிதான் இருக்கும் என்று நினைத்திருந்தான். இரண்டு கிடந்தன. ஒன்றில், கோயிலுக்குக் கட்டும் சேலையில், லிடியா உட்கார்ந்திருந்தாள்.

“நீ எங்க இங்க?”

“வாய்விட்டுப் படிச்சாத்தான உங்களுக்கு மண்டையில ஏறும்? ஒன்பது வருஷமா அடுப்படியில மீன் ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டுட்டுதான இருக்கேன். நீங்க தப்பாச் சொல்ற எடங்கூட எனக்குத் தெரியும்.”

“அந்தப் பெரியவர்…”

“தெரியும். நீங்க சோத்தை ஒதுக்குன அன்னைக்கே விசாரிச்சுட்டேன்.”

கேள்வித்தாள் வந்த பிறகும் சூசை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லிடியா தலை நிமிராமல் சொன்னாள்.

“எழுதுங்க. நான் இருக்கணும்ல?”