மூன்று சந்தை நாள்கள்

ஆராய்ச்சி மாணவி செம்மொழிக்குத் தன் ஆய்வறிக்கையைக் கொடுக்க மனசே வரவில்லை.

திருக்காட்டுப்பள்ளி முச்சந்தியில் ஒரு மாதம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணி, நெரிசலுக்குக் கணித மாதிரி உருவாக்கியிருந்தாள். வெயிலில் குடை கொடுத்து, மோர் வாங்கித் தந்து அவளைப் பார்த்துக்கொண்டவர் போக்குவரத்து ஏட்டு பஞ்சநதம். கணக்கோ அவருக்கே எதிராக வந்து நின்றது. அவர் லீவில் இருந்த மூன்று சந்தை நாளும், அத்தனை கூட்டத்திலும் வண்டிகள் தாமாகவே வழிவிட்டுச் சீராகப் போயிருந்தன.

மறைக்கப் பிடிக்காமல் நேரிலேயே போய்ச் சொன்னாள். "சார், தப்பா நினைக்காதீங்க. இங்க ஏட்டே தேவையில்லைன்னு வருது."

பஞ்சநதம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நிச்சயமாவாம்மா?"

"மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன் சார்."

"அப்பாடா!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் வலங்கைமான்ல. மாற்றல் கேட்டு ஆறு வருஷமாச்சு. நான் இல்லேன்னா முச்சந்தி ஸ்தம்பிச்சுப் போயிடும்னு மேலதிகாரிங்க விடவே மாட்டேங்கிறாங்க."

செம்மொழிக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அப்ப அந்த லீவு?"

"நீங்க எண்ணுறதைப் பார்த்துத்தானேம்மா போட்டேன்!"