பெல்ட் இல்லாத வண்டி

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜீவானந்தம், ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைப்பாக்கத்தில் தன் வீட்டு வாசலில் பழைய காரின் டைமிங் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தான். தேய்ந்த பெல்ட்டை உருவி எடுத்தாகிவிட்டது. புதியதை மாட்டும்வரை என்ஜின் ஓடாது.

அப்போது பின்கட்டிலிருந்து மனைவி சசிகலா அலறினாள். "ஐயோ, பாப்பாவ பாம்பு கடிச்சிட்சிங்க! ஓடியாங்க!"

மகள் கவிப்பிரியாவின் கணுக்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. அவளைத் தூக்கிவந்து பின்சீட்டில் சசிகலாவின் மடியில் கிடத்தினான். பானெட்டை அறைந்து மூடினான். சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். "தூங்காதடி, அம்மாவப் பாரு" என்று சசிகலா வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தாள்.

ஊசி போட்டார்கள். நெடுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"பயப்படாதீங்க. சரியான நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க."

ஜீவானந்தத்துக்குக் கண்ணீர் முட்டியது. முகத்தைத் துடைக்க, தோளில் கிடந்ததைத் துண்டென்று நினைத்து இழுத்தான். கையில் வந்தது தேய்ந்த பெல்ட்.

வெளியே ஓடினான். மரத்தடியில் நிறுத்தியிருந்த கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டைத் தூக்கினான். பெல்ட் சுற்றவேண்டிய பல்சக்கரங்கள் வெறுமையாக, அசையாமல் நின்றன. என்ஜின் சீராக உறுமியது.

சசிகலா பின்னாலேயே வந்துவிட்டாள். "பாப்பா கண்ணத் தொறந்துட்சி. இன்னாங்க, வண்டிய ஆஃப் பண்ணாமயா வுட்டுட்டு வந்தீங்க?"

அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான்.